மருமகன் ஆட்லறிக்குப் போகிறான்

வணக்கம் ஐயா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் அண்ணாவின் மகன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். 19 வயது. பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்துவிட்டான். அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது. எந்தப் பிரிவு என்று கேட்டேன். "ரோயல் ஆட்டிலறி, மாமி" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்குப் பேச்சு வரவில்லை. தொலைபேசியை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

1995 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவள் நான். ஆட்லறி, அதாவது பீரங்கி, என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் விழுகிற பக்கம்தான் தெரியும், சுடுகிற பக்கம் தெரியாது. அங்கே அவனுக்கு என்ன நடக்கும்? அவன் மரக்கறிச் சாப்பாட்டுக்காரன், அதற்கு வழி உண்டா? பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாமா? பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்புக்கு என்னை வரச் சொல்கிறான். போவதா? நீங்கள் நில அளவையாளராக வேலை பார்த்தவர், பீரங்கிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருமகன் கற்கப்போவது முழுக்க முழுக்கச் சுடுகிற பக்கத்தை. விழுகிற பக்கத்தை எந்தப் பயிற்சி முகாமும் அவனுக்குக் காட்டப்போவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் அந்தக் குடும்பத்தில் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

பயிற்சி இரண்டு கட்டம். முதலாவது எல்லாப் படையாட்களுக்கும் பொதுவானது. பீரங்கிப் படைக்குப் போகும் வயதுவந்த பிள்ளைகள் பெரும்பாலும் சரே மாவட்டத்தின் பேர்பிரைட் முகாமில் இதை முடிக்கிறார்கள். மூன்று மாதமும் சொச்சமும் போகும். அங்கே பீரங்கி கண்ணிலும் படாது. விடியுமுன் எழும்புவது, கட்டில் விரிப்பை மடிப்புக் குலையாமல் விரிப்பது, சட்டைக்கு அழுத்தி மடிப்பெடுப்பது, சப்பாத்து மினுக்குவது, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது, வரைபடம் பார்த்து நடப்பது, முதுகில் சுமையோடு மழையில் இரவைக் கழிப்பது. முதல் வாரங்களில் கைத்தொலைபேசிக்குக் கட்டுப்பாடு இருக்கும். அழைப்பு வரவில்லையென்று பதறாதீர்கள், அண்ணியையும் பதறவிடாதீர்கள். மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், களத்தில் உண்ணும் பொதிகளிலும் மரக்கறி வகை உண்டு. இந்து சமயத்தவருக்கென ஒரு குருவும் அந்தப் படைகளில் இருக்கிறார். இவற்றை நினைத்துத் தூக்கம் கெடாதீர்கள்.

இரண்டாவது கட்டத்துக்கு லார்க்ஹில் போவான். சோல்ஸ்பரி சமவெளியில், ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோயல் ஆட்டிலறியின் பாடசாலை அதுதான். அங்கே சாதாரணச் சிப்பாயின் பெயர் கன்னர், கோப்ரலுக்குச் சமமானவர் பொம்பார்டியர். அவன் கை வைக்கக்கூடிய பீரங்கிகளில் ஒன்று எல்-118 என்னும் 105 மில்லிமீற்றர் இலகு பீரங்கி. இலகு என்கிறார்கள், ஆனால் அதன் எடை 1,800 கிலோவுக்கு மேல். குண்டு 17 கிலோமீற்றர் போகும். காலிமுகத்திடலில் நிறுத்திச் சுட்டால் மொறட்டுவையை எட்டிவிடும். ஆறு பேர் கொண்ட அணி அதை இயக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வேலை. ஒருவன் குண்டை எடுப்பான், ஒருவன் உள்ளே தள்ளுவான், ஒருவன் குறிகாட்டியைப் பார்ப்பான். முதலாம் இலக்கக்காரர் அணித்தலைவர். அவர் வாய் திறக்காமல் யாரும் எதையும் செய்யக்கூடாது. வெற்றுப் பீரங்கியை வைத்துக்கொண்டு இதையே காலையும் மாலையும் திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள், கை தானாக ஓடும்வரை. சுட்டவுடன் குழல் பின்னோக்கிப் பாயும். அதன் பாதையில் நிற்பவன் பிழைக்கமாட்டான். அதனால் எங்கே கால் வைப்பது என்பதுகூடப் பாடம்தான்.

எனக்குத் தெரிந்த தொழிலோடு ஒட்டி வருவது இனிமேல் சொல்வது. நாங்கள் வட்டத்தை 360 பாகையாகப் பிரித்து அளந்தோம். பீரங்கிக்காரர்கள் 6,400 மில்லாகப் பிரிக்கிறார்கள். ஒரு மில் திரும்பினால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் விலகும். பத்து மில் பிழைத்தால் 15 கிலோமீற்றரில் 150 மீற்றர் விலகும். உங்கள் ஒழுங்கையிலிருந்து 150 மீற்றர் நடந்து பாருங்கள். எத்தனை வீடு, யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். திசை ஒன்றுதான் என்றுமில்லை. குண்டைத் தள்ளும் வெடிமருந்து சிறு பைகளாக வரும். தூரத்துக்கேற்பச் சில பைகளை எடுத்துவிட வேண்டும். ஒரு பை பிழைத்தாலே குண்டு கிலோமீற்றர் கணக்கில் தள்ளி விழும். காற்றின் வேகம், காற்றின் அடர்த்தி, மருந்தின் வெப்பம், குழலின் தேய்மானம் எல்லாம் கணக்கில் வரும். அரை நிமிடத்துக்கும் மேலாக வானில் போகிற பொருள் அது. ஆகவே ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் அதைத் திருப்பிச் சொல்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஆபத்தைக் கண்டால் நேற்று வந்த கன்னரும் 'நிறுத்து' என்று கத்தலாம். அந்தப் பயிற்சியில் நான் மனமார மதிக்கிற பகுதி இது. அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயங்காதே என்று அவனிடம் நீங்களும் சொல்லுங்கள்.

ஆனால் எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும், பீரங்கியடியில் நிற்பவனுக்கு இலக்குத் தெரியாது. முன்னால் எங்கோ ஒரு கண்காணிப்பு அணி இருக்கும், அது பார்க்கும். கட்டளை நிலையத்தில் சிலர் இருப்பார்கள், அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். பீரங்கி அணியின் காதுக்கு வருவது எண்கள் மட்டுமே. நாள் முழுக்கச் சுட்டுவிட்டு, சுட்ட ஊரின் பெயரும் தெரியாமல் படுத்துறங்கலாம். மூன்றில் எந்த வேலைக்கு அவனை எடுக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஆட்லறிதான், ஒருவனின் வாழ்க்கைக்குள் மூன்றும் வெவ்வேறு.

ஆட்லறி குத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் என்ன செய்தீர்கள் என்பதை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கமாட்டான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியது, அடுத்தது எங்கே விழும் என்று காத்திருந்தது, விழுந்த பின் யாருடைய வீடு என்று ஓடிப் பார்த்தது. இதை அவனிடம் சொல்ல வேண்டும் சகோதரி. குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. வேறொரு நாட்டின் படையில், வேறொரு காலத்தில் சேர்கிற பிள்ளை அவன், எங்களுக்கு நடந்ததற்கு அவன் பொறுப்பில்லை. எண்களின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அறிந்த கன்னர், எண்ணை இரண்டாம் முறை சரிபார்க்கச் சோம்பமாட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி அவனுடைய உடம்பு. 105 மில்லிமீற்றர் குண்டு 15 கிலோவுக்குக் குறையாது, 155 மில்லிமீற்றர் குண்டு 40 கிலோவைத் தாண்டும். முதுகும் முழங்காலும் தேயும். அதைவிடக் காது. செருகும் காதடைப்பானையும் அதன் மேல் மூடியையும் சேர்த்து அணியச் சொல்வார்கள். இளம் பிள்ளைகள் அலட்சியமாகக் கழற்றுவார்கள். காதில் இரைச்சல் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேலை போய்விடுமென்று மறைப்பவர்களே முப்பது வயதில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதிர்வு மூளைக்கும் நல்லதல்ல. 2017இல் சிரியாவின் ராக்கா நகரத்தின் மீது ஆயிரக்கணக்கில் குண்டு சுட்ட அமெரிக்க மரீன் பீரங்கிப் படையினர் பலர், நாடு திரும்பிய பின் தூக்கமின்மையாலும் ஞாபகக் குழப்பத்தாலும் அவதிப்பட்டார்கள். பயிற்சியில் சுடும் அளவு அதற்குக் கிட்டவும் வராது. ஆனாலும் தலைவலியும் மறதியும் வந்தால் 'களைப்பு' என்று ஒதுக்க வேண்டாம்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடமுடியாது. 2021 டிசம்பரில் இதே லார்க்ஹில் முகாமில் 19 வயதுக் கன்னர் பெண்ணொருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மேலதிகாரி ஒருவர் செய்த பாலியல் தாக்குதல் பற்றி அவர் முறையிட்ட பின்னும் இராணுவம் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை, அதுவும் அவருடைய மரணத்துக்குக் காரணமானது என்று 2025இல் மரண விசாரணை முடிவு சொன்னது. அதனால், அங்கே யாராவது தன்னை அவமானப்படுத்துவதாக உங்கள் மருமகன் சொன்னால், 'பொறுத்துப் போ மகன், எல்லா இடமும் அப்படித்தான்' என்று நம் வழக்கப்படி சொல்லிவிடாதீர்கள். படைத்தலைமைக்கு வெளியே சுயாதீனமாக முறைப்பாடு கேட்கும் அலுவலகம் அங்கே இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கேட்க ஆளில்லாத கசப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொழும்பிலேயே சாட்சி உண்டு. 1942இல் இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவில் நின்ற சிலோன் கரிசன் ஆட்டிலறி என்னும் இலங்கைப் பீரங்கிப் படையின் ஆட்கள் தங்கள் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அந்த அதிகாரியின் போக்கும் அதற்கு ஒரு காரணம். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பொம்பார்டியர் கிரேஷியன் பெர்னாண்டோ அதே வருடம் ஓகஸ்ட் 5ஆம் திகதி கொழும்பின் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டீர்கள். வரலாம், ஆனால் காலம் குறுகியது. 18 வயதைத் தாண்டிச் சேர்ந்தவர்கள் முதல் 28 நாட்கள் முடிந்த பின், சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள், காரணம் காட்டாமலே எழுத்தில் அறிவித்து விலகலாம். அது கடந்தால் பொதுவாக நான்கு வருடச் சேவை கட்டாயம். அவன் பேர்பிரைட்டில் இருக்கும்போதே அந்தக் காலம் முடிந்துவிடும், அதாவது பீரங்கியைத் தொடுவதற்கு முன்பே. இந்தத் திகதிகளை அண்ணாவும் அண்ணியும் நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். அவன் விலகுவதற்காகச் சொல்லவில்லை. விலக நினைத்தால் வெட்கத்தால் நாளைத் தவறவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அணிவகுப்புக்குப் போங்கள். உங்களைக் கூப்பிடுகிற பிள்ளை அவன், நீங்கள் தொலைபேசியைக் கைமாற்றியதும் அவனுக்கு விளங்கியிருக்கும். விசாவுக்கு இங்கிருந்து விண்ணப்பிப்பதற்கு வாரக்கணக்கில் எடுக்கும், ஆகவே திகதி தெரிந்தவுடன் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்துக் கதையை அணிவகுப்பு மைதானத்தில் எடுக்க வேண்டாம், அன்று அவனுடைய நாள். லார்க்ஹில் போவதற்கு முன் அவனுக்கு விடுப்புக் கிடைத்தால் வீட்டில் வைத்துச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அங்கிருந்து திரும்புமுன் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் அண்ணா வாசித்துக் காட்டட்டும்.