கண் ஆடும் குழந்தை தலையைத் திருப்பிப் பார்த்தால் நேராக்கப் பழக்கலாமா?

உங்கள் ஐந்து வயதுப் பையனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கண் இரண்டும் பக்கவாட்டில் ஆடுகிறது, டிவி பார்க்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறான், நேராகப் பார்க்க எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பழக்காதீர்கள். என் மகளை இரண்டு வருஷம் அப்படிப் படுத்தியிருக்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கண் ஆடுவது தெரிந்தது. அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தலை திரும்புவது கண்ணில் பட்டது. மாமியார் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிட்டார். அப்புறம் ஒரு இடத்தில் கழுத்துக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதம் தினமும் அழுதுகொண்டே செய்தாள். தூங்கும்போது அவள் கழுத்து நேராகத்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கழுத்துத் தசையில் கோளாறு என்றால் தூக்கத்திலும் கழுத்து இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்காகத் திரும்பும் தலை, கண்ணை மூடினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

கடைசியில் வேலூரில் ஒரு குழந்தைகள் கண் டாக்டரம்மாதான் எனக்குப் புரிய வைத்தார். ஆங்கில 'E' எழுத்து பல பக்கம் திரும்பியிருக்கும் பலகையைக் காட்டி, "கால் எந்தப் பக்கம் இருக்கு, விரலால காட்டு பாப்பா" என்றார். அவள் வழக்கம்போல முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு மளமளவென்று காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அவள் தலையை மெதுவாக நேராகப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். கீழே இருந்த இரண்டு வரி போய்விட்டது. விரல் காற்றிலேயே நின்றது. வீட்டில் "நேராப் பாரு" என்று நான் அதட்டிய ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வரியைப் பிடுங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். நிஸ்டாக்மஸ் எனும் இந்தக் கண் ஆட்டம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்காது. பல குழந்தைகளுக்கு ஏதோ ஒரு திசையில் பார்க்கும்போது ஆட்டம் குறைந்து, பார்வை தெளியும். டாக்டர்கள் அதை 'நல் பாயின்ட்' (null point) என்பார்கள். என் மகளுக்கு அது இடப்பக்கம். அதனால் முகத்தை வலப்பக்கம் திருப்பினால்தான் கண் இடப்பக்கம் போய் நிற்கும். யாரும் சொல்லித்தராமல் குழந்தையே கண்டுபிடித்த வழி அது. புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவதும் அப்படித்தான்: கிட்டத்தில் பார்க்கக் கண் இரண்டும் உள்பக்கம் குவியும்போது நிறையப் பேருக்கு ஆட்டம் அடங்கும். அதையும் தடுக்காதீர்கள்.

தலை திரும்புவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். மாறுகண், கண்ணை அசைக்கும் தசையில் பலவீனம் என்று பல உண்டு. அதனால் குழந்தைகளின் மாறுகண் பார்க்கும் டாக்டரிடமே போங்கள். வேலூரில் ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது பழைய போட்டோக்களையும், டிவி பார்க்கும்போது பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். சில பிள்ளைகளுக்குச் சில நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்பம் பக்கம் மாறும். அவர்களுக்கு வைத்தியமே வேறு. ஆஸ்பத்திரி அறையில் பார்க்கும் கொஞ்ச நேரத்தில் அது தப்பிவிடலாம்.

உங்கள் பையனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே என்கிறீர்கள். புதிதாக ஆரம்பித்த ஆட்டம், ஒரு கண் மட்டும் ஆடுவது, கூடவே தலையும் ஆடுவது, வாந்தி, "எல்லாம் ஆடுதும்மா" என்று குழந்தையே சொல்வது, இதில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். மூளை ஸ்கேன் தேவைப்படலாம்.

கண்ணாடி போடச் சொன்னால் ஃப்ரேம் அகலமாக வாங்குங்கள். ஓரக்கண்ணால் பார்க்கிற பிள்ளைக்குச் சின்ன ஃப்ரேம் என்றால் கண்ணாடிக்கு வெளியேதான் பார்ப்பாள். என் மகளுக்கு முதல் கண்ணாடி அப்படித்தான் வீணாயிற்று.

ஆபரேஷன் பற்றியும் யோசிப்பீர்கள். திருப்பம் அதிகமாக இருந்து, எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் செய்வார்கள். கெஸ்டன்பாம், ஆண்டர்சன் என்ற இரண்டு டாக்டர்கள் 1953-இல் தனித்தனியாக எழுதிய முறை இது. கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் தசைகளை இடம் மாற்றி, அந்த அமைதியான இடத்தை நேர் பார்வைக்குக் கொண்டுவருகிறார்கள். ஆட்டம் இதனால் மறைந்துவிடாது. எங்களுக்கு ஏழு வயதில் செய்தார்கள். இன்றைக்கும் அவள் கண் ஆடுகிறது. தலை முக்கால்வாசி நேராகிவிட்டது, கழுத்து வலி என்று சொல்வதில்லை.

அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள். பையன் முகத்தை வலப்பக்கம் திருப்புகிறான் என்றால், போர்டைப் பார்த்து உட்காரும்போது அவனுடைய வலது கை ஓரத்தில், முன் பெஞ்சில் இடம் கேளுங்கள். போர்டு அவனுக்கு இடப்பக்கம் வந்துவிடும், தலையைத் திருப்பாமலே கண் அங்கே போய்விடும். இடப்பக்கம் திருப்புகிறவன் என்றால் இடது ஓரம். டீச்சரிடம் இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிடுங்கள், அடுத்த வருஷம் வருகிற டீச்சருக்கும் அதே தாள் உதவும்.