இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் ஊருக்கு ஊர் மாறுமா? எந்த ரகம் என்று பார்ப்பதால் பயன் உண்டா?

மாறும். ஆனால் நீங்கள் இதைக் கேட்கும் விதத்தைப் பார்த்தால், இறால் கரையோரம் ஒதுங்கிச் செத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்துக் குட்டைக்காரரோடு பேச்சும் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். மருந்துக்காகக் கேட்டிருந்தால் ஒரு வரிதான் பதில்: எந்த ரகமானாலும் மருந்து கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

இந்த வைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 3 லட்சம் எழுத்து நீளம். தாய்லாந்து, சீனா, தைவான் மாதிரிகளை ஒப்பிட்டபோது 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றாகவே இருந்தன. வித்தியாசமெல்லாம் சில இடங்களில்தான். ஓரிடத்தில் பெரிய துண்டே காணாமல் போயிருக்கும். இன்னோர் இடத்தில், ஓ.ஆர்.எஃப். 94 என்பார்கள், 54 எழுத்துத் துண்டு ஒன்று அடுத்தடுத்துத் திரும்ப வரும். தாய்லாந்துக் குட்டைகளில் அது 6 முதல் 20 தடவை வரை இருந்தது. வழக்கமான பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனை) வைரஸ் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். எண்ணிக்கை வேறானால் ரகமும் வேறு என்று கொள்வார்கள்; அதைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு வேதாரண்யம் பக்கம் குட்டை. ஒரு பட்டத்தில் எனக்கும், உப்பனாற்று வாய்க்காலில் எனக்குக் கீழே தண்ணீர் எடுக்கிற பெரியப்பா முறைக்காரருக்கும் ஒரே வாரத்தில் நோய் விழுந்தது. "உன் தண்ணியாலதான்டா என் இறால் போச்சு" என்று சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் நோய்த் தண்ணீரை வெளியே விடவே இல்லை, மதகை அடைத்துப் பிளீச்சிங் போட்டிருந்தேன். யார் நம்பினார்கள்? கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மூலம் இரண்டு குட்டை இறாலையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவருடைய இறாலில் அந்தத் துண்டு 8 தடவை, என்னுடையதில் 12. நான் வாங்கிய குஞ்சில் கொஞ்சம் ஆல்கஹாலில் எடுத்து வைத்திருந்தேன், அதிலும் 12. அடுத்த கூட்டத்தில் தாளை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். பெரியப்பா பதில் பேசவில்லை. குஞ்சு கொடுத்த ஹேட்சரிக்காரர் இன்றுவரை போனை எடுக்கவில்லை.

உடனே மைக்ரோபயாலஜி படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஒரே குட்டையில் இரண்டு மூன்று ரகம் கலந்திருக்கலாம், நண்டு வழியாகப் போய் வரும்போது எண்ணிக்கை மாறலாம், எண் ஒத்துப்போவதால் மட்டும் மூலம் இதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது. எனக்கும் தெரியும். கோர்ட்டில் வைக்கிற சாட்சி என்று நான் சொல்லவில்லை. ஆதாரமே இல்லாமல் ஊர் நடுவில் குற்றம் சாட்டுவதைவிட இது மேல், அவ்வளவுதான்.

ரகம் மாறினால் வீரியமும் மாறுமா என்றால், மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 1996இல் தாய்லாந்தில் எடுத்த, 3,12,000 எழுத்து நீளமுள்ள வைரஸை ஏற்றியபோது பாதி இறால் சாக 14 நாள் ஆனது. அதைவிட நீளம் குறைந்த 2,93,000 எழுத்து வைரஸுக்கு மூன்றரை நாளே போதுமானதாக இருந்தது. துண்டை இழந்த வைரஸ் பலவீனமாகும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. நோய் என்று தெரிந்து அவசரமாக வலை போடும்போது வரும் வியாபாரி இருக்கிறாரே! கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) எடுக்க மேலாகக் கிடக்கும் பொடி இறாலை மட்டும் அள்ளுவார், கிலோவுக்கு 70 வரவேண்டியது 90 என்று ஆகும், விலை இறங்கும், பனிக்கட்டிக் காசும் நம் தலையில். தேடிவந்த வியாபாரி திரும்பிப் போய்விடுவாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறோம். வைரஸ் தின்றதைவிட இவர்கள் தின்றது அதிகம் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, மாதிரி அனுப்புவதானால் செத்து நாறியதை எடுக்காதீர்கள். சோர்ந்து கரையில் நீந்துகிற இறாலின் செவுளையும் நீந்துகாலையும் வெட்டி ஆல்கஹாலில் போடுங்கள். பக்கத்துக் குட்டையிலும் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். அடுத்த பட்டத்துக்குக் குஞ்சு விடும் அன்றே ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் எடுத்து, தேதியும் ஹேட்சரி பெயரும் எழுதி வைத்துவிடுங்கள்.