ரத்தபேதி: கன்று மேல் பழி போடலாமா? கேள்வி பதில்

வேலூரில் ஓர் ஆய்வகத்தில் மலப் பரிசோதனை செய்தே ஓய்வு பெற்றவன் நான். வைத்தியன் அல்ல.

குடியாத்தம்: சார், கன்றுக்குட்டிக்கு ரத்தக் கழிச்சல். நாலு நாளில் என் மகளுக்கும் சீதமும் ரத்தமும். கன்றிடமிருந்து ஒட்டியதா?

பதில்: முதலில் மகளை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் படியுங்கள். சீதபேதி என்றதும் நான் சந்தேகப்படுவது ஷிகெல்லாவை. 1897-ல் ஜப்பானில் பெரிய கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா கண்டுபிடித்த கிருமி, அவர் பெயரே அதற்கு. மனிதரின் கிருமி அது. குரங்குக்கும் வரும், மாட்டுக்கு வழக்கமில்லை. கன்றின் ரத்தக் கழிச்சலுக்கு அடிக்கடி காரணமாவது காக்சிடியா. அது பாக்டீரியாவே இல்லை, ஒட்டுண்ணி. கன்றின் காக்சிடியா நமக்கு வராது. ஆனால் கன்றை அதற்குள் விடுதலை செய்ய முடியாது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் மாட்டுக்கும் மனிதருக்கும் பொது. மகளின் மலத்தை வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள்.

காட்பாடி: எந்த மாத்திரை போடலாம்?

பதில்: டாக்டரைக் கேளுங்கள். ரத்தம் போகும்போது போக்கைக் கட்டும் லோபரமைடு மட்டும் வேண்டாம்.

அணைக்கட்டு: பன்றிக்கும் வருமா?

பதில்: வரும். பிராக்கிஸ்பைரா என்ற சுருள் கிருமி. மருந்துக்குக் கால்நடை மருத்துவமனை.

பள்ளிகொண்டா: பாலைக் காய்ச்சினால் சத்து போய்விடும். தாத்தா கறந்த சூட்டோடு குடித்து 90 வயது இருந்தார்.

பதில்: தாத்தாவோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வகை மாட்டுக் குடலில் சும்மா கிடக்கும். மடியில் ஒட்டிய சாணம் வழியாகப் பாலில் இறங்கினால் நமக்கு ரத்தபேதி, குழந்தைக்குச் சிறுநீரகமே கெடலாம். அது விடும் நஞ்சுக்குப் பெயரே ஷிகா நஞ்சு.

பள்ளிகொண்டா: பசு தெய்வம் சார்!

பதில்: கும்பிடுங்கள். பாலைக் காய்ச்சுங்கள்.

குடியாத்தம்: எங்கள் மாமியாரும் காய்ச்சக் கூடாது என்கிறார்.

பதில்: மாமியார் விவகாரத்துக்கு நான் வரவில்லை. பால் பொங்கட்டும்.

ஆம்பூர்: லேசான போக்குதான். எந்த மாத்திரை?

பதில்: மேலே காட்பாடிக்காரருக்குச் சொன்னதுதான். ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள், பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தேடாதீர்கள். ஒரு காலத்தில் ஷிகெல்லாவுக்கு நாலிடிக்சிக் ஆசிட் என்ற மருந்து கேட்டது. கண்டபடி போட்டுப் போட்டு அதுவும் கேட்காமல் போனது.

வேலூர்: ரத்தமும் போகிறது. லோபரமைடு...

பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

குடியாத்தம் (நாலு நாள் கழித்து): ஷிகெல்லா என்று வந்தது சார். மகள் தேறிவிட்டாள்.

பதில்: கன்று தப்பித்தது. ஷிகெல்லா தொற்ற 10 கிருமி உள்ளே போனாலே போதும். வீட்டில் சோறு பிசைந்து ஊட்டுவது யார்? அவருக்குப் போன வாரம் வயிறு சரியாக இருந்ததா?