மூக்கைத் திருத்திக்கொள்ளலாமா? முதலில் மூச்சைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. என் மூக்கின் நடுவில் எலும்பு மேடாக இருக்கிறது. சிரித்தால் நுனி கீழே இறங்குகிறது. 17 வயதிலிருந்தே இது என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. பள்ளியில் விளையாடும்போது மூக்கில் பந்து பட்டது. அன்றிலிருந்து இடது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். இப்போது சொந்தமாகச் சம்பாதிக்கிறேன், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். "நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இந்த வேண்டாத வேலை?" என்கிறார் அக்கா. ஊசி போட்டுப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறாள் தோழி. வலி எப்படி இருக்கும்? எத்தனை நாள் விடுப்பு தேவை? நான் கண்ணாடி அணிபவள். செய்துகொள்ளலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. இடது பக்கம் அடைத்துக்கொள்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். பந்து பட்டபோது மூக்கின் நடுத்தண்டு, அதாவது இரு துவாரங்களையும் பிரிக்கும் உள்சுவர், ஒரு பக்கமாக வளைந்திருக்க வாய்ப்புண்டு. மூக்கின் மேல்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. நீங்கள் மேடு என்று சொல்வது பெரும்பாலும் இரண்டும் சந்திக்கும் இடம். அதற்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்தில்தான் மூச்சுப் பாதையின் மிகக் குறுகலான பகுதி இருக்கிறது. உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் வெளியே மேட்டை மட்டும் எடுத்துவிட்டால், பக்கச் சுவர்கள் உள்வாங்கி, ஏற்கெனவே சிரமப்படும் பக்கம் இன்னும் அடைபடலாம். பார்வைக்கு அழகான மூக்கை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வாயால் மூச்சுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வலது நாசித் துவாரத்தை ஒரு விரலால் மெல்ல மூடிக்கொள்ளுங்கள். இடது கன்னத்தில், மூக்கை ஒட்டிய இடத்தில் இன்னொரு விரலை வைத்து, தோலைக் காதுப் பக்கமாக லேசாக இழுத்தபடி மூச்சை உள்ளிழுங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போனால், நான் சொன்ன குறுகலான பகுதியில் பிரச்சினை இருக்கக்கூடும். எந்த வித்தியாசமும் இல்லையென்றால் ஒவ்வாமையோ, உள்சதை வீக்கமோ, நடுத்தண்டின் வளைவோ காரணமாக இருக்கலாம். இதை வைத்து நீங்களே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். ஒவ்வாமை என்றால் மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்தே போதுமானதாக இருக்கலாம். தண்டு வளைவு என்றால் அதையும் வெளித்தோற்றத்தையும் ஒரே அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடியும். அப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: நடுத்தண்டிலிருந்து எடுக்கும் குருத்தெலும்பைக் கொண்டே இறங்கும் நுனிக்கு முட்டுக் கொடுக்கலாம்.

இனி, செய்துகொள்ளலாமா என்ற கேள்வி. மூக்கின் வளர்ச்சி பெண்களுக்கு 16 வயதுவாக்கில் முடிந்துவிடுகிறது, ஆகவே வயது தடையில்லை. பல ஆண்டுகளாக ஒரே எண்ணம் மாறாமல் இருக்கிறது. குறை இன்னதென்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. யாரும் உங்களை வற்புறுத்தவில்லை. இவையெல்லாம் உங்களுக்குச் சாதகம். "முகமே ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொல்கிறவருக்கு அறுவை சிகிச்சையில் நிறைவு கிடைப்பது அரிது. "இந்த மேடு, இந்த நுனி" என்று சொல்கிறவரோடு உட்கார்ந்து பேசலாம்.

ஆனால் ஒரு கேள்விக்கு நீங்கள் உங்களுக்கே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பும்போது யாருமே வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை என்றால், நிம்மதியாக இருக்குமா, ஏமாற்றமாக இருக்குமா? நன்றாகச் செய்யப்பட்ட மூக்கு பிறர் கண்ணை உறுத்தாது, பலர் "இளைத்துவிட்டாயா?" என்றுதான் கேட்பார்கள். நிம்மதி என்பது உங்கள் பதிலானால், நீங்கள் சரியான காரணத்துக்காக வருகிறீர்கள். விலகிப்போன ஒருவர் திரும்பி வருவார், பதவி உயர்வு கிடைக்கும், கூட்டத்தில் பேசத் துணிவு வரும் என்றெல்லாம் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடினால், பொறுத்திருங்கள். பிரிவு, இழப்பு, வேலை போன அதிர்ச்சி போன்றவை நடந்து சில மாதங்களே ஆகியிருந்தாலும் தள்ளிப்போடுவதே நல்லது.

இன்னொன்றையும் நான் கேட்காமல் விட முடியாது. மூக்கைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உங்களைப் பிடித்துக்கொள்கிறதா? அதனால் விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்களா? மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத குறை உங்களுக்கு மட்டும் பூதாகரமாகத் தெரிகிறதா? நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு இப்படித் தோற்றத்தைப் பற்றிய எண்ணம் நோயாகவே ஆகிவிடுகிறது. அவர்கள் படும் வேதனை உண்மையானது, கேலிக்குரியது இல்லை. அறுவை சிகிச்சை அதைத் தீர்ப்பதில்லை, பல நேரம் கவலை அடுத்த உறுப்புக்கு இடம் மாறும். மனநல மருத்துவரிடம் பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

செல்ஃபியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓர் அடி தூரத்தில் பிடித்த படத்தில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. கேமராவுக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருப்பது மூக்குதானே! யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று, நேராகவும் இரு பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அந்தப் படத்தை வைத்துப் பேசுங்கள். கணினியில் அவர் திருத்திக் காட்டும் படமும் அவருடைய நோக்கத்தைச் சொல்வதுதான், அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தடித்த தோல் உள்ளே செய்த நுணுக்கத்தை மறைத்துவிடும்; மெல்லிய தோலில் சிறு மேடுபள்ளமும் வெளியே தெரியும். உங்கள் தோல் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள்.

அக்கா சொல்வதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மேடு அப்பாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருந்தால், அது போன பிறகு சிலருக்கு எதிர்பாராத ஒரு வருத்தம் வருகிறது. முடிவு உங்களுடையதுதான். ஆனால் முதல் ஒரு வாரம் உடன் இருந்து கவனிக்கப்போவது அநேகமாக அக்காதான்; அவர் மனம் ஒப்பி வருவது உங்களுக்குத் தெம்பு.

தோழி சொல்லும் ஊசியில் எனக்கு உடன்பாடில்லை. அதில் பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம் என்ற ஜெல்லைச் செலுத்துகிறார்கள். மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பினால் கோடு நேராகத் தெரியும், மூக்கு சிறிதாகாது. பலன் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை, சிலருக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அடைப்புக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஜெல் குழாய்க்குள் போய்விட்டால் மூக்குத் தோல் கருகிப்போகலாம், பார்வையே போகலாம். இது அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முகத்தில் இந்த ஊசிக்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. அழகு நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரோ, முக அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணரோ ஆக இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேரைப் பாருங்கள். உங்களுடையது போன்ற மூக்கில் அவர் செய்த வேலையை, ஒரு மாதப் படமாக இல்லாமல் ஓராண்டு கழித்து எடுத்த படமாகக் காட்டச் சொல்லுங்கள். கத்தியைப் பிடிக்கப்போவது அவரேதானா, மயக்க மருத்துவர் கடைசிவரை உடன் இருப்பாரா, மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். இன்றே முன்பணம் கட்டினால் சலுகை என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு: புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், நிக்கோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக யாராவது ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருந்தால் தாங்களாக நிறுத்தவே கூடாது.

பெரும்பாலும் முழு மயக்கத்தில், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வலி நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது, சாதாரண வலி மாத்திரைக்கே பலருக்கு அடங்கிவிடும். உண்மையான தொந்தரவு அடைப்புதான். மூக்கு வழியாக மூச்சுவிட முடியாமல், வாய் உலர்ந்து, தூக்கம் கெடும். தலையணையை உயர்த்தி நிமிர்ந்து படுக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் கண்ணைச் சுற்றி வீங்கி, கன்றிப்போய், கண்ணாடியில் பார்த்தால் திடுக்கிடும். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

ஏறத்தாழ ஏழாம் நாள் மூக்கின் மேல் போட்டிருக்கும் கட்டைப் பிரிப்போம். அந்த நாளைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அன்று அழுதுவிடுகிறார்கள். பிளாஸ்திரியின் பசை ஒட்டிய தோல் எண்ணெய் வழிந்து, நுனி உப்பி, இருக்க வேண்டியதைவிட மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தொட்டால் மரத்துப்போயிருக்கும். சிரிப்பு இறுக்கமாக வரும். அது நீங்கள் கேட்ட மூக்கு இல்லை, வீங்கிய மூக்கு. முதல் இரண்டு வாரங்களில் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். கன்றல் இரண்டு வாரத்தில் மறையும், வீக்கத்தில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களில் வடியும். நுனி கடைசியாகத்தான் அடங்கும். அதற்கு ஓராண்டு, தடித்த தோலென்றால் இன்னும் அதிகம். ஆகவே ஓராண்டு முடியும் முன் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். திருத்த வேண்டியிருந்தாலும் பொதுவாக அதுவரை காத்திருந்துதான் செய்வோம். நல்ல கைகளிலும் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது. ரத்தக்கசிவு, தொற்று, இரு பக்கமும் ஒத்துப்போகாமை, நடுத்தண்டில் துளை விழுதல் ஆகியவையும் நேரலாம்.

வீட்டுக்கு வந்தபின் நிற்காத ரத்தம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுதல், பார்வையில் மாற்றம் இவற்றில் எது தோன்றினாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் பத்து நாள் விடுப்பு போதும், முகத்தில் கன்றல் தெரியக் கூடாது என்றால் இரண்டு வாரமாக எடுங்கள். கடினமான உடற்பயிற்சி மூன்று வாரத்துக்கும், பந்து விளையாட்டு குறைந்தது ஆறு வாரத்துக்கும் வேண்டாம். மேட்டை எடுக்கும்போது எலும்பை வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால், கண்ணாடியின் பாரம் நான்கு முதல் ஆறு வாரம் மூக்கில் விழக் கூடாது. சட்டகத்தை நெற்றியில் பிளாஸ்திரியால் ஒட்டித் தாங்க வைக்கலாம், அல்லது கான்டாக்ட் லென்ஸ் அணியலாம். லென்ஸ் உங்களுக்குப் புதிது என்றால் ஒரு மாதம் முன்பே பழகிக்கொள்ளுங்கள். கண் வீங்கியிருக்கும் நேரத்தில் முதன்முதலாகப் போட முயல்வது பெரும்பாடு.