ரசாயனம் கலந்த நீரில் மீன்கள் சாகாமலே இனம் அழியுமா?

அழியும். சில ரசாயனங்கள் உடலின் ஹார்மோன் போலவே நடிக்கும். அதைத்தான் ஹார்மோன் குழப்பிகள் என்கிறோம். கள்ளச்சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கு ஆள் யாரென்று தெரியாது, சாவி பொருந்தினால் திறந்துவிடும். மீனின் செல்லும் அப்படித்தான்.

கனடாவின் ஒன்டாரியோவில் 260-ஆம் எண் ஏரியில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோன் போல நடிக்கும் ரசாயனத்தை, ஏரியில் கலந்தார்கள். லிட்டருக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஐந்தாறு பங்கு! ஆண் மீன்களின் உடலில், பெண் மீன் முட்டைக் கருவுக்காகச் சுரக்கும் புரதம் ஊறியது; சிலவற்றின் விந்தகத்திலேயே முட்டை தோன்றியது. விரல் நீள ஃபேட்ஹெட் மின்னோ மீன்கள் குஞ்சு இல்லாமல் அநேகமாக அற்றுப்போயின. அப்புறம், அவற்றைத் தின்று வாழ்ந்த ட்ரவுட் மீன்களும் குறைந்தன. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோக்கள் மீண்டன என்பது ஆறுதல்.

‘மீன் செத்து மிதக்கவில்லையே, தண்ணீர் நல்லாத்தானே இருக்கு’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஏரியிலும் மீன்கள் கொத்தாகச் செத்து மிதக்கவில்லை, குஞ்சுகள்தான் வரவில்லை.