உங்கள் கடிதத்தில் வேலையைக் காணோமே!

கேள்வி: ஏழு வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் புது மேலாளர் வந்தார். நான் செய்ததைத் தன் பெயரில் காட்டிக்கொள்கிறார். பதவி உயர்வு கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறார். ஞாயிறு சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது. நண்பர்கள் விட்டுத் தொலை என்கிறார்கள், வீட்டில் பொறுத்துப்போ என்கிறார்கள். ஏழு வருட உழைப்பை எப்படி விடுவது? இருக்கவா, போகவா? (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மேலாளர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், மீட்டிங்கில் யார் பக்கம் திரும்பி உட்காருவார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேலையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசிப் பக்கத்தில்: "வேலை எனக்குப் பிடித்ததுதான்." சரி, அப்போது நீங்கள் விட நினைப்பது ஒரு ஆளை. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டீர்களா, அவருக்கு மேலே இருப்பவரிடம் பேசினீர்களா என்று தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியும் இல்லை. நண்பர்களிடம் கேட்டாயிற்று, வீட்டில் கேட்டாயிற்று, இப்போது என்னிடமும் கேட்டாயிற்று, கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் "பார்க்கலாம்" என்றதும் எழுந்து வந்துவிட்டீர்கள்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் இதைப் பிரித்துக் காட்டினார். ஓர் இடம் கெட்டுப்போனால் வெளியேறலாம், அல்லது வாய்திறந்து சொல்லலாம். இவன் போகக்கூடியவன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் சொல்லுக்குக் கனம் கூடும். நீங்கள் இரண்டையும் செய்யாமல் ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள்.

அதனால் முதலில் வெளியே நாலு இடத்தில் இன்டர்வியூ போய் வாருங்கள். சந்தையில் உங்களுக்கு என்ன விலை என்று தெரிந்த பிறகு மேலாளர் முன் உட்கார்ந்தால் குரல் நடுங்காது. ஆனால் கையில் கிடைத்த ஆஃபரை மேஜையில் போட்டு மிரட்டாதீர்கள். சம்பளம் ஏறலாம், மேலாளர் அவரேதான், ஞாயிறு சாயங்காலமும் அதேதான். கேட்பதையும் உருப்படியாகக் கேளுங்கள்: பதவி உயர்வுக்கு நான் என்ன முடித்துக் காட்ட வேண்டும், யார் முடிவு செய்வார், எந்த மாதம். பேசியதை அன்றைக்கே இரண்டு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். அதற்கும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தால், அதுதான் பதில், கிளம்புங்கள்.

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னாலோ, தூக்கமும் உடம்பும் போய்விட்டாலோ இந்தப் பொறுமையெல்லாம் தேவையில்லை. அப்போது சேமிப்பில் எத்தனை மாதம் ஓடும் என்று மட்டும் பாருங்கள்.

ஏழு வருடக் கதைக்கு வருவோம். அந்த வருடங்கள் இருந்தாலும் திரும்பாது, போனாலும் திரும்பாது, கற்றுக்கொண்டது மட்டும் எங்கே போனாலும் கூட வரும். இன்றைக்கு இந்த மேலாளரையும் தெரிந்துகொண்டு, வெளியிலிருந்து இதே வேலைக்கு விண்ணப்பம் போடுவீர்களா? எட்டாவது வருடத்துக்கு அந்தக் கேள்வி போதும்.

இன்னொரு தகவல். ஸ்டீவன் லெவிட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் காசு சுண்டிப் பார்க்க வைத்தார்; 20,000 தடவைக்கு மேல் சுண்டினார்கள். வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்துக்குத் துணிந்தவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்களாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே கடுதாசியை நீட்டிவிடாதீர்கள், காசு சுண்டும் அளவுக்கு மதில்மேல் நின்றவர்களைப் பற்றிய கணக்கு அது. ஆனால் நீங்களும் அங்கேதானே நிற்கிறீர்கள்?

போவதென்று முடிவானால், புது இடத்து உத்தரவு எழுத்தில் வரும்வரை ராஜினாமா வேண்டாம்; போனில் "கன்ஃபர்ம்தான்" என்பதெல்லாம் கணக்கில் சேராது. நோட்டீஸ் நாட்களில் வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நாளைக்கு உங்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் போன் போடப்போவது அநேகமாக இதே மேலாளருக்குத்தான்.