புது எல்டிஓ-9 டேப் மட்டும் டைம் அவுட் ஆகிறதா?

வணக்கம். எல்டிஓ என்பது பேக்கப் எடுக்கும் காந்த நாடா (டேப்) வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. டேப்பைப் படித்து எழுதும் டிரைவ் பழுது என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய எல்டிஓ-8 டேப்கள் அதே டிரைவில் ஒழுங்காக ஓடுகின்றன, லைப்ரரியின் (டேப்களை அடுக்கி வைத்து மாற்றும் பெட்டி) ரோபோ புத்தம் புதிய எல்டிஓ-9 டேப்பைப் போட்டால் மட்டும் பேக்கப் ஜாப் டைம் அவுட் ஆகிறது, அதனால் பாதியில் டிரைவை ரீபூட் செய்தேன் என்கிறீர்கள். அந்தத் தாமதம் எல்டிஓ-9க்கே உரிய இயல்பு. புது டேப் முதல்முறை உள்ளே போகும்போது டிரைவ் அதை அளந்து பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சராசரியாக 40 நிமிடம் பிடிக்கும், சில டேப்புக்கு 2 மணி நேரம்கூட ஆகலாம். ஒரு டேப்புக்கு ஒருமுறைதான்.

நீங்கள் அப்படி ரீபூட் செய்ததுதான் சிக்கல். இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதுவே முடிக்கட்டும்.

இரவு ஜாப் ஓடும் நேரத்தில் புது டேப்பை நுழைக்காதீர்கள். ஜாப் இல்லாத பகலில், லைப்ரரியின் வெப் பக்கத்திலிருந்தே ஸ்லாட்டிலிருந்து டிரைவுக்கு ஒவ்வொன்றாக நகர்த்தி முடித்துவிடுங்கள். இரண்டு டிரைவ் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் செய்யலாம். டேப் வந்த பெட்டியைப் பிரித்ததும் ஒரு நாள் சர்வர் அறையிலேயே வைத்திருங்கள், அந்தச் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் பழகட்டும். அப்புறம் பேக்கப் மென்பொருளில் மவுண்ட் டைம் அவுட்டை (டேப் தயாராகும்வரை காத்திருக்கும் நேரம்) 2 மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். டேப்பின் பார்கோடு எல்9 (L9) என்று முடிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, எல்டிஓ-7 டேப்கள் அலமாரியில் இருந்தால் பழைய டிரைவ் ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். எல்டிஓ-9 டிரைவ் அவற்றைப் படிக்கவே படிக்காது.

இதற்குப் பிறகும் டைம் அவுட் வந்தால் டிரைவ் லாக்கை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.